சாக்கு விரித்தவள்

ஐந்தருவி வண்டி நிறுத்துமிடத்தில் தம்பியின் காருக்குள் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். வெளியே சாரல். கண்ணாடியில் துளிகள் சேர்ந்து, கனம் தாங்காமல் வழிந்துகொண்டிருந்தன. மற்றவர்கள் தலையிலும் உடம்பிலும் எண்ணெய் வைத்துக்கொண்டு அருவிக்குப் போயிருந்தார்கள். எனக்கு இரண்டு நாளாகச் சளி. "நீங்க போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு, நடு வரிசை இருக்கையில் சாய்ந்துகொண்டேன்.

காலை எட்டு மணி இருக்கும். எதிர்க் கடையில் பஜ்ஜி போடும் எண்ணெய்ப் புகையும் ஈரத் துணி வாடையும் கலந்து உள்ளே வந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு வலது குதிகாலைத் தரையில் ஊன்றினேன்.

தரை அமுங்கியது.

முதலில் ரப்பர் விரிப்புதான் மடங்கியிருக்கிறது என்று நினைத்தேன். காலை எடுத்தேன். மறுபடி ஊன்றினேன். சொதக் என்று ஒரு சத்தம். விரிப்பின் ஓரத்தில் பழுப்பு நிறத் தண்ணீர் கசிந்து, என் பெருவிரலைத் தொட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போனது.

சாதாரண ஆளாக இருந்தால் "தண்ணி தேங்கிட்டு போல" என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பார்கள். நான் சாதாரண ஆள் இல்லை. கார் செய்யும் தகடுகளைப் பார்த்துப் பார்த்தே வயதானவள்.

அது நான் உட்கார்ந்திருந்த இடம் மட்டுமில்லை. தம்பி மகள் சுபா நாலு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்த இடம். குளித்து முடித்ததும் அதே இடத்தில் அவளை உட்கார வைத்து, செங்கோட்டை, புளியரை தாண்டி மலைப்பாதையில் ஆரியங்காவு கோயிலுக்குப் போவதாகத்தான் ஏற்பாடு.

வெள்ளைப் பொடி

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பல்லியைக் கண்டால் பயம், படிக்கட்டு இறங்கப் பயம், தந்தி வந்த காலத்தில் தபால்காரர் சைக்கிள் மணிக்கே பயம். அப்படிப்பட்டவளுக்கு, பயப்படுவதற்கே சம்பளம் கொடுக்கும் ஒரு வேலை கிடைத்தது. சென்னைக்கு வெளியே ஒரு கார் தொழிற்சாலையில், வந்து இறங்கும் எஃகுத் தகடுகளைச் சோதிக்கும் பிரிவு.

கார் உடம்புக்கான தகடு சுருளாகத்தான் வரும். ஒவ்வொன்றும் ஒரு யானைக் குட்டி அளவுக்கு இருக்கும். வெறும் இரும்புத் தகடு என்றால் துருப்பிடித்து இற்றுவிடும் என்பதால் அதன் மேல் துத்தநாகம் பூசியிருப்பார்கள். பூச்சின் கனம் ஒரு தாளின் கனம்கூட இருக்காது. ஆனாலும் அது செய்கிற வேலை பெரிது. தகட்டில் கீறல் விழுந்தால் பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் தான் கரைந்துபோய் இரும்பைக் காப்பாற்றும். இதை முதன்முதலில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரிவுத் தலைவர், "இது ரசாயனம்மா, இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று சிரித்தார்.

அந்தப் பூச்சுக்கு ஒரே ஒரு எமன் உண்டு. மழையில் நனைந்து காற்றில் காய்ந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. காற்றுப் பட்டதும் மேலே ஒரு படலம் கட்டிக்கொண்டு பத்திரமாக இருக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவில் தண்ணீர் மாட்டிக்கொண்டு, காற்றுப் போகாமல் அடைபட்டுக் கிடந்தால்தான் ஆபத்து. அப்போது துத்தநாகம் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். அது தீர்ந்ததும் இரும்பின் முறை.

ஒரு மழைக்காலத்தில் துறைமுகத்திலிருந்து வந்த லாரியில் தார்ப்பாய் கிழிந்திருந்தது. சுருளின் வெளிப்பக்கம் பளபளவென்று முகம் பார்க்கலாம் போல் இருந்தது. நான் ஒரு சுற்றுப் பிரிக்கச் சொன்னேன். உள்ளே திருநீறு பூசியதுபோல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. விரலால் தொட்டேன். ஒட்டிக்கொண்டது.

ஷிப்ட் மேனேஜர் கத்தினார். "ரெண்டு சுத்து வெட்டிப் போட்டுட்டு ஓட்டுங்கம்மா. லைன் நிக்குது!"

நான் கையெழுத்துப் போடவில்லை. பயந்துகொண்டேதான் நின்றேன். ஆனால் போடவில்லை. சுருள் முழுவதும் திரும்பிப் போனது. அன்றைக்கு என்னைத் திட்டியவர்கள், பிறகு புதிதாக வருகிற பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லி, "மேடத்துக்கிட்ட கத்துக்கோங்க" என்பார்கள். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஈரம் இருக்கக் கூடாது என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

இதை இங்கே பெருமைக்காகச் சொல்லவில்லை. அடுத்து நான் சொல்லப்போவது எவ்வளவு கேவலம் என்பது புரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

ஊரில் என் பெயர்

வேலையை விட்டு ஊருக்கு வந்து, தென்காசிப் பக்கம் குத்துக்கல்வலசையில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டேன். கல்யாணம், குழந்தை என்று எதுவும் இல்லை. அதனால் என் தம்பி குடும்பம்தான் என் குடும்பம்.

தம்பி பெயர் குத்தாலிங்கம். வீட்டில் லிங்கம். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவன். மேலதிகாரி சொன்னால் ஏன் என்று கேட்காமல் செய்து பழகியவன். ஓய்வு பெற்ற பிறகு அவனுக்கு மேலதிகாரி இல்லாமல் போயிற்று. அந்த இடத்தில் என்னை வைத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கம் யார் பழைய கார் வாங்கினாலும் முதலில் என்னைக் கூப்பிடுவார்கள். "கார் கம்பெனி அக்கா பார்த்து ஓகேன்னு சொல்லிட்டாவன்னா அப்பீலே கிடையாது" என்பார்கள். நானும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கதவோரத்தைத் தடவுவேன், டிக்கியில் விரிப்பைத் தூக்குவேன், ரப்பரைப் பிரித்துப் பார்ப்பேன். எனக்குத் தெரிந்தது தகடு மட்டும். இன்ஜின் பற்றிக் கேட்டாலும் "ம்ம்" என்று தலையை ஆட்டுவேன். தெரியாது என்று சொல்ல வெட்கம்.

லிங்கம் வாடகைக்கு ஓட்ட வாங்கிய, எட்டுப் பேர் உட்காரும் பழைய காரையும் நான்தான் பார்த்துச் சொன்னேன். நான் வேலையில் இருந்த காலம் அது. விடுப்பில் வந்திருந்தேன். தரைத் தகடு சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை.

"தைரியமா வாங்குலே. அடித் தகடு முழுக்கப் பூச்சுத் தகடு. உன் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் கெடக்கும்" என்றேன்.

அவன் வேறு யாரிடமும் கேட்கவில்லை.

செக்கர் பிளேட்

குற்றாலத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. வேறு ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. சீசனில் வண்டியில் ஏறுகிற ஒருவர்கூடக் காய்ந்த உடம்போடு ஏற மாட்டார். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட ஏறுவார்கள். மெயின் அருவியில் ஒரு குளியல், ஐந்தருவியில் ஒரு குளியல், பழைய குற்றாலத்தில் ஒரு குளியல். மூன்று முறையும் அருவியில் பாதியைக் காருக்குள் கொண்டுவந்து கொட்டுவார்கள்.

ஒரே சீசனில் லிங்கத்தின் கார் உள்விரிப்பு நாறிப்போயிற்று. அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, பஸ்ஸில் தரைக்குப் போடுவார்களே, மேலே புடைப்புப் புள்ளிகள் வைத்த அலுமினியத் தகடு, அதைப் போட்டான். பட்டறையில் செக்கர் பிளேட் என்பார்கள். இருக்கைகளைக் கழற்றி, பிளேட்டை விரித்து, தரையில் துளை போட்டுத் திருகுகளால் இறுக்கி, அதற்கு மேல் நீளமான போல்ட் வைத்து இருக்கைகளைத் திரும்பப் பூட்டினார்கள். கழுவி விட்டால் போதும், வேலை முடிந்தது. பல டிரைவர்கள் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

ஆனால் வண்டி ஓடும்போது பிளேட் கடகடவென்று ஆடியது. லிங்கம் எனக்குப் போன் செய்தான்.

"யக்கா, தரை ஒரே சத்தமா இருக்கு. பாசஞ்சர் மூஞ்சியைச் சுளிக்காவ. என்ன செய்யட்டும்?"

நான் அப்போது கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தயிர் சாதம், மாங்காய் ஊறுகாய். அது நன்றாக நினைவிருக்கிறது.

"வீட்ல நெல்லுச் சாக்கு கெடக்குமே. ரெண்டு மூணை மடிச்சு பிளேட்டுக்கு அடியில விரிச்சு இறுக்கிருலே. சத்தம் அடங்கிரும்" என்றேன்.

அடங்கிவிட்டது. மறுநாள் போன் செய்து, "சூப்பர்க்கா, கார் சத்தமே இல்லாமப் போவுது" என்றான். நானும் சந்தோஷப்பட்டேன்.

காலையில் தொழிற்சாலையில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு சொட்டு ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடியவள், மத்தியானம் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும் சாக்கை விரிக்கச் சொன்னேன். அது தொழிற்சாலை, இது வீடு. மூளையில் இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்திருக்கிறது போல. அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு நாலு சீசன் போயிருந்தன.

கையோடு வந்த போல்ட்

மறுபடி ஐந்தருவிக்கு வருகிறேன்.

லிங்கம் தன் கருவிகளைக் காக்கித் துணியில் சுருட்டி முன்னிருக்கைக்கு அடியில் வைத்திருப்பான். ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரை உருவினேன். ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். கதவோரத்தில் பிளேட் முடிகிற இடத்தில் இரண்டு விரல் இடைவெளி. அங்கே சாக்கின் ஓரம் தெரிந்தது. சாக்கு என்று சொல்ல முடியாது. கறுத்துக் கூழாகிக் கிடந்த ஒன்று.

அதன் மேல் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். டொக் என்று தகட்டில் முட்டும் என்று காத்திருந்தேன். அந்தச் சத்தத்துக்காக நான் சாமியைக் கும்பிட்டேன் என்றால் நம்புவீர்களா?

முட்டவில்லை. ஊறிய ரஸ்க்கில் இறங்குவதுபோல் பிடி வரைக்கும் உள்ளே போயிற்று.

அதை அப்படியே விட்டுவிட்டு, சாரலில் இறங்கிக் காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கறுப்புப் பூச்சு புதிதுபோல் பளிச்சென்று இருந்தது. அதன் நடுவே ஸ்குரூ டிரைவரின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் தகடே இல்லை. அடியில் அடித்திருந்த கறுப்புப் பூச்சு மட்டும் தோல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை பேர் குனிந்து பார்த்திருந்தாலும் நல்ல தரை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

உள்ளே வந்து நடு இருக்கையின் பின்கால் போல்டைத் தொட்டேன். ஸ்பேனர் தேவைப்படவில்லை. இரண்டு விரலால் திருகினேன். சுற்றியது. இழுத்தேன். கையோடு வந்துவிட்டது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலைப்பாதையின் வளைவுகள் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன. எதிரே மரம் ஏற்றிய லாரி வருகிறது, லிங்கம் பிரேக் போடுகிறான், இருக்கை பெயர்கிறது. குழந்தை சுபாவின் மடியில் இருக்கிறது. அதற்கு மேல் என் மனம் போக மறுத்தது.

சொல்லிவிட வேண்டியதுதானே? அவ்வளவுதானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசித்தேன். இங்கேதான் என் லட்சணம் தெரிகிறது. சுபாவின் மாமியார், சிவகிரிக்காரம்மா, அன்றைக்கு எங்களோடு வந்திருந்தார். காரில் ஏறும்போது, "நீங்க கூட இருக்கையில வண்டியப் பத்தி எங்களுக்கு என்ன பயம்?" என்று சொல்லியிருந்தார். தரை இற்றுவிட்டது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சாக்கு என்பேன். யார் சாக்கு விரிக்கச் சொன்னது என்பார்கள்.

விபத்தை நினைத்துப் பயந்ததில் பாதி அளவு இந்தக் கேள்வியை நினைத்தும் பயந்தேன். பாதி என்று எழுதுவதுகூடச் சலுகைதான்.

ஈரத் தலைகள் தூரத்தில் தெரிந்தன. குழந்தை சுபாவின் இடுப்பில் உட்கார்ந்து எனக்குக் கையை ஆட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? போல்டைப் பழைய துளையில் செருகினேன். விரிப்பை இழுத்து மூடினேன். ஸ்குரூ டிரைவரை உருவி, புடவை முந்தானையில் துடைத்துக் காக்கித் துணியில் சுருட்டி வைத்தேன்.

நெஞ்சு வலி

ஒரு நல்ல யோசனை தோன்றியது. அப்போது அதை நல்ல யோசனை என்றே நினைத்தேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டால் பயணம் நின்றுவிடும். அவர்கள் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வீட்டுக்குப் போவார்கள். பிறகு லிங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

லிங்கம் கதவைத் திறந்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன்.

"என்னமோ செய்யுதுலே. நெஞ்சு அடைக்குது."

அவன் முகம் மாறியதைப் பார்த்ததும் தப்புச் செய்துவிட்டேன் என்று புரிந்தது. ஆனால் அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

"ஏட்டி செல்வி! ஓடி வா. எல்லாரையும் வண்டியில ஏத்து. தலையெல்லாம் பொறவு தொவட்டிக்கலாம்!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினான்.

"நான் ஆட்டோவுல போயிருதேன்லே" என்றேன்.

"ஆட்டோவா? நம்ம வண்டி இருக்கையில ஆட்டோ எதுக்கு? நீ பேசாதக்கா, மூச்சு வாங்கும்."

என்னை முன்னிருக்கையில் தூக்கி உட்கார வைத்தார்கள். பின்னால் எல்லாரும் முட்டி மோதி ஏறினார்கள். செல்வி பின்னாலிருந்து கையை நீட்டி என் நெஞ்சை நீவினாள். "மைனி, கண்ண மூடாதிய. என்னப் பாருங்க" என்று அழுதாள். சுபா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அதே நடு இருக்கையில் உட்கார்ந்தாள். அவள் கணவனும் மாமியாரும் பக்கத்தில் நெருக்கிக்கொண்டார்கள்.

லிங்கம் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, சீசன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓட்டினான். இத்தனை வருஷத்தில் அவன் அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. அவனுக்கு அக்கா செத்துப்போய்விடக் கூடாது.

ஆரியங்காவு வரைக்கும் மெதுவாகப் போயிருக்க வேண்டிய கார், என் பொய்யால் தென்காசி ஆஸ்பத்திரியை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் உள்ளே இருந்தார்கள்.

நான் தலையைத் திருப்பி, இருக்கைகளின் இடைவெளி வழியே பின்னால் பார்த்தேன். ஒரு வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. இருக்கையின் பின்கால் தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி, மறுபடி உட்கார்ந்தது. யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் எழும்பியது. எனக்கு உண்மையாகவே மூச்சு முட்டியது. வியர்த்துக் கொட்டியது. "ஐயோ, வேர்க்குதே" என்று செல்வி இன்னும் சத்தமாக அழுதாள். அதைக் கேட்டு லிங்கம் இன்னும் அழுத்தினான்.

இலஞ்சி ரோட்டில், முன்னால் ஒரு பஸ் சட்டென்று நின்றது. லிங்கம் பிரேக்கை மிதித்தான். நடு இருக்கை மொத்தமாக முன்னால் சாய்ந்தது. குழந்தை என் இருக்கையின் முதுகில் தலை மோதி, வீல் என்று அலறியது.

"நிறுத்துலே!" என்றேன்.

"இன்னும் அஞ்சே நிமிசம்க்கா. பொறுத்துக்கோ."

"எனக்கு ஒண்ணுமில்லலே. பொய் சொன்னேன். வண்டித் தரை இத்துப் போயிட்டு. நிறுத்து!"

வயலோரம்

வண்டியை வயலோரம் ஒதுக்கினான். எல்லாரையும் இறங்கச் சொன்னேன். குழந்தைக்கு நெற்றியில் லேசாக வீங்கியிருந்தது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லுக்கு எத்தனை கோயிலில் தேங்காய் உடைத்தாலும் தகும்.

லிங்கம் நடு இருக்கையைக் கையால் பிடித்துத் தூக்கினான். இருக்கை பிளேட்டோடு சேர்ந்து எழும்பியது. அடியிலிருந்த சாக்கைப் பற்றி இழுத்தான். அதோடு சேர்ந்து தகடும் பழுப்புச் செதில்களாகப் பிய்ந்து வந்தது. ஓரங்களில் மட்டும் வெள்ளைப் பொடி மிச்சம் இருந்தது. அந்த ஓட்டை வழியே தார் ரோடும், அதில் தேங்கிய தண்ணீரும், தண்ணீரில் விழுகிற சாரலும் தெரிந்தன.

சுபாவின் மாமியார் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நீங்க மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லலன்னா, மலையில எங்க கதி என்னாயிருக்கும்? நடிச்சாவது வண்டிய நிறுத்துனீங்களே, நல்லாருப்பீங்கம்மா."

செல்விக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. சாக்குக் கூழைக் காலால் தள்ளினாள்.

"எந்தக் கிறுக்கன் இதுக்குள்ள சாக்க விரிச்சது?"

நான் வாயைத் திறந்தேன் என்று எழுத எனக்கு ஆசை. திறக்கவில்லை.

லிங்கம் என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு குனிந்து பிளேட்டை நகர்த்துவதுபோல் பாவனை செய்தான்.

"நாந்தான். பிளேட்டு சத்தம் போடுதுன்னு விரிச்சேன்."

"கார் கம்பெனியில வேலை பார்த்த அக்கா இருக்காவள்லா? ஒரு வார்த்த கேட்டா என்ன, கொறஞ்சா போவிய?"

"கேக்கல" என்றான் லிங்கம்.

சுபா குழந்தையின் நெற்றியை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"இனிமே உங்க வண்டியில எம்பிள்ளைய ஏத்த மாட்டேன்ப்பா" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். ராணுவத்தில் உத்தரவு வாங்கிக்கொள்கிறவன் ஆட்டுவதுபோல் ஆட்டினான்.

பின்னால் வந்த பஸ்ஸில் எல்லாரும் ஏறினோம். செல்வி என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். ஜன்னலோர இருக்கையை எனக்குக் கொடுத்தார்கள். லிங்கம் மட்டும் சாரலில் காரோடு நின்றான்.

சுபா வாசிப்பாள்

காரைப் பட்டறையில் விட்டு, தரைத் தகடு முழுவதையும் வெட்டி எடுத்து, புதிதாகப் பூச்சுத் தகடு வைத்து ஒட்டி, வெல்டிங் போட்ட இடங்களில் எல்லாம் துத்தநாகப் பெயிண்ட் அடித்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் அங்குலமும் பார்த்தேன். செக்கர் பிளேட்டும் இல்லை, சாக்கும் இல்லை. வெறும் தரை, அதன் மேல் கழற்றிக் காயப்போடுகிற ரப்பர் விரிப்பு. இப்போது அந்தக் காரில் நான் தயங்காமல் ஏறுவேன்.

பட்டறையில் இருந்தபோது லிங்கத்திடம் கேட்டேன். "அன்னைக்கு ஏன்லே அப்படிச் சொன்ன?"

"சம்பந்தகாரவ முன்னாடி வச்சு உன்னயச் சொல்ல முடியுமா?"

"அதுக்காக?"

"அதுக்கு மட்டுமில்லக்கா. நீ சொன்னா நாலு பேரு கேக்காவ. அது போயிட்டுன்னா, நாளைக்கு ஒரு வண்டியப் பார்த்து ஏறாதிய, இது ஆபத்துன்னு நீ சொல்லும்போது எவன் கேப்பான்?"

இன்றைக்கும் யாராவது காரைக் காட்டி அபிப்பிராயம் கேட்டால் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. தகட்டைத் தடவும்போது தகட்டைவிட, என் வாயிலிருந்து என்ன வந்துவிடுமோ என்றுதான் அதிகம் பயப்படுகிறேன். நான் சும்மா சொன்னதையும் ஒருவன் உத்தரவாக எடுத்துக்கொண்டு போய்ச் செய்துவிடுவான் என்பது தெரிந்துவிட்டது.

செல்வி அதற்குப் பிறகு எந்தச் சண்டையிலும், "சாக்கு விரிச்ச ஆளுதானே நீங்க" என்று முடிப்பாள். லிங்கம் சிரித்துக்கொண்டு எழுந்து போய்விடுவான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சுபா சொன்ன சொல்லை இன்று வரை மாற்றவில்லை. ஊருக்கு வந்தால் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் வருகிறாள். லிங்கம் காரைக் கழுவித் துடைத்து நிலையத்து வாசலில் நிறுத்திவைத்திருப்பான். பேத்தி ஆட்டோவில் ஏறியதும் அதற்குப் பின்னாலேயே வெறும் காரை ஓட்டிக்கொண்டு வருவான். இதை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் ஆட்டோவில் சுபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

சுபா, பத்திரிகையில் வரும் இந்தத் தொடரை நீ வாராவாரம் வாசிப்பாய் என்று தெரியும். சாக்கை விரிக்கச் சொன்னது உன் அப்பா இல்லை. அவன் என்னிடம் கேட்டான். கேட்டுவிட்டுத்தான் செய்தான். நான் சொன்னதால் செய்தான்.

இதை எழுதப் போகிறேன் என்று லிங்கத்திடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம்க்கா என்பான். நானும் சரி என்று விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் அவனைக் கேட்காமலே தபாலில் சேர்க்கிறேன்.